கனமான முனை எந்தப் பக்கம்

போன அக்டோபரில் ஏறக்குறைய மூன்று வாரம் என் சைக்கிளின் ஷாக் அப்சரில் அச்சிட்டிருந்த கம்பெனிப் பெயர் தலைகீழாகத் தொங்கியது. வடக்கு வான்கூவரில் ஃப்ரோம் மலைக்கு ஏறும் பாதைக்கு மவுண்டன் ஹைவே என்று பெயர். ஹைவே என்றதும் லாரிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். கேட் போட்டு வண்டிகளைத் தடுத்துவிட்ட சரளைக்கல் பாதை. சனிக்கிழமை காலைகளில் பத்துப் பதினைந்து பேர் அந்தக் கேட்டுக்கு முன்னால் சைக்கிளோடு நிற்போம். அடுத்தவர் வண்டியைக் குனிந்து பார்ப்பது அங்கே மரியாதைக் குறைவில்லை. அப்படிக் குனிந்த ஒரு பெரியவர், "உங்கள் ஷாக்கைத் தலைகீழாக மாட்டியிருக்கிறது, கவனித்தீர்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார். சட்டையை உள்வெளியாகப் போட்டு வந்தவனிடம் சொல்கிற குரல். நான்தான் மாட்டினேன், வேண்டுமென்றேதான் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு முழு விளக்கம் ஒன்று என்னிடம் தயாராக இருந்தது. அதில் பாதி தப்பு, மீதிப் பாதி பொய்.

மலைச் சைக்கிளைக் கிட்டத்தில் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்லிவிட வேண்டும். முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் சைக்கிளில் சட்டம் ஒரே துண்டு இல்லை. ஹேண்டில்பாரும் சீட்டும் உட்கார்ந்திருக்கிற முன் முக்கோணம் தனி. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற கவை தனி. கல்மேல் ஏறும்போது கவை மேலே மடங்கும். இரண்டுக்கும் இடையில், மடங்கலைத் தாங்குவதற்காக, குட்டையான ஒரு பம்பு போல நிற்பதுதான் ஷாக். என்னுடையதில் இரண்டு முனைத் துளைகளுக்கும் இடையே 210 மில்லிமீட்டர். முழுக்க அமுங்கினால் 55 மில்லிமீட்டர் உள்ளே போகும். அந்த 55-ஐ வைத்துப் பின்சக்கரம் 150 மில்லிமீட்டர் எழும்பும், நடுவில் நெம்புகோல் போல ஒரு லிங்க் இருப்பதால். ஒரு முனை பருமன்: காற்று அடைத்த டப்பா, அதற்கு அணைவாக இடுப்பில் பிள்ளையை வைத்ததுபோல ஒரு சின்ன எண்ணெய்ச் சிலிண்டர், திருகுகள், ஒரு சிறு நெம்பு. மறுமுனை வெறும் தண்டு, பளபளவென்று. இரு முனையிலும் ஒரே மாதிரி துளை, ஒரே மாதிரி போல்ட். ஆகவே எப்படித் திருப்பினாலும் மாட்டலாம். இதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரே ஒரு விதமாகத்தான் பொருந்தும் என்றிருந்தால் யாரும் யோசிக்கப் போவதில்லை.

கம்பெனியில் எனக்குத் தந்தபோது கனமான முனை மேலே, ஆடும் லிங்கோடு இருந்தது. தண்டு முனை கீழே, பெடலுக்குச் சற்று மேலே, அசையாத சட்டத்தோடு. நான் அதைக் கழற்றிக் கனத்தைக் கீழே வைத்தேன்.

சொன்ன காரணம் இது. ஒரு வண்டியில் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிற எடை வேறு, கீழே இருக்கிற எடை வேறு. சக்கரத்தோடு சேர்ந்து துள்ளுகிற எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சுளுவாகச் சக்கரம் கல்லின் வடிவத்தைத் தடவிக்கொண்டு போகும். மோட்டார் சைக்கிள்காரர்கள் முன்பக்க ஃபோர்க்கைத் தலைகீழாக்கியதற்குச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. பருத்த குழாய் மேலே ஹேண்டிலோடு நிற்க, மெல்லிய குழாய் கீழே சக்கரத்தோடு ஆடும். நம்மூரில் யூஎஸ்டி ஃபோர்க் என்று தங்க நிறத்தில் பார்த்ததும் பையன்கள் வாய் பிளப்பார்களே, அது. அதே நியாயத்தைப் பின்பக்கத்துக்கும் வைத்தேன்: ஆடுகிற லிங்கில் கனம் எதற்கு, அசையாத சட்டத்தில் இருக்கட்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் சவாரியில் பின்சக்கரம் முன்னைவிட நிதானமாக ஓடுவதாகக்கூடத் தோன்றியது. இரண்டு மணி நேரம் செலவழித்து ஒரு வேலையைச் செய்தவனுக்கு வித்தியாசம் தெரியாமல் போகுமா.

ஆனால் அதைச் செய்வதற்கு முன் ஒரு பயம் இருந்தது. பயம் பொள்ளாச்சியிலிருந்து வந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் ஏறி இறங்குகிற எஸ்டேட் ஜீப்புகள் ஷாக் அப்சரை பீடி மாதிரி ஊதித் தள்ளும். என் மாமாவின் பட்டறைக்குப் பக்கத்தில் அதை மாற்றுவதையே வேலையாக வைத்திருந்த ஒரு மெக்கானிக் இருந்தார். பெட்டியிலிருந்து புது ஷாக்கை எடுத்தால் உடனே மாட்ட மாட்டார். நேராகப் பிடித்து, இழுத்து அமுக்கி, இழுத்து அமுக்கி, ஐந்தாறு தடவை உயிர் வரவழைத்த பிறகுதான் வண்டிக்கடியில் படுப்பார். ஏன் என்று கேட்ட எனக்கு, "படுத்துக் கெடந்ததை எந்திரிச்சதும் வேல வாங்கப்படாது கண்ணு" என்றார். பள்ளிக்கூடப் பையனுக்கு அது போதும் என்று நினைத்திருப்பார். போதவில்லை. காரணம் பல வருஷம் கழித்துத்தான் பிடிபட்டது.

அந்த ஜீப் ஷாக்கில் குழாய்க்குள் குழாய். உள்குழாய் முழுக்க எண்ணெய். அதில்தான் பிஸ்டன் ஓடும். வெளிக்குழாயில் பாதி எண்ணெய், மேலே பாதி காற்று. இரண்டுக்கும் வழி அடிப்பக்கத்து வால்வு. நிமிர்ந்து நிற்கும் வரை காற்று மேலேயும் எண்ணெய் கீழேயும் அவரவர் இடத்தில் இருக்கும். கடையில் மாதக்கணக்கில் படுக்கை வசமாகக் கிடந்தால் காற்று உள்குழாய்க்குள் புகுந்துவிடும். மெக்கானிக் நிமிர்த்தி அமுக்கியது அந்தக் காற்றை வெளியேற்ற. தலைகீழாகவே மாட்டினாலோ அடி வால்வு எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். உள்ளே காபி ஆற்றியதுபோல நுரை பொங்கும். நுரையை எந்தத் துளை வழியாகத் தள்ளினாலும் அது எதிர்ப்புக் காட்டாது. அந்த ஷாக்குக்கு மேல் எது, கீழ் எது என்று நன்றாகத் தெரியும்.

என் சைக்கிளில் இருப்பதற்குத் தெரியாது. இந்த மறதியைக் கொடுத்தவர் த கார்போன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், 1950-களில். அவர் செய்தது கேட்கச் சாதாரணமாக இருக்கும். எண்ணெய்க்கும் வாயுவுக்கும் நடுவில் ஒரு தடுப்பு வைத்தார். ஆணியடித்த தடுப்பு இல்லை. முன்னும் பின்னும் நகரக்கூடிய மிதக்கும் பிஸ்டன். ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் அழுத்தி அடைத்த நைட்ரஜன். தண்டு உள்ளே நுழையும்போது எண்ணெய்க்கு இடம் வேண்டும். பிஸ்டன் நைட்ரஜனை நெருக்கி அந்த இடத்தைக் கொடுக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை என்பதால் நுரைக்க வழியில்லை. ஜெர்மனியின் பில்ஸ்டைன் இந்த வகையை 1957-இல் மெர்சிடஸ் கார்களுக்குச் செய்யத் தொடங்கியது. பிறகு பெல்ஜியத்துக்காரர் லூசியன் டில்கென்ஸ், மோட்டார் சைக்கிளின் இரண்டு பின் ஷாக்குகளுக்குப் பதில் ஒன்றே ஒன்றை பெட்ரோல் டாங்குக்கு அடியில் ஏறக்குறையப் படுக்கப்போட்டு ஒரு வண்டி கட்டினார். யமஹா அதை வாங்கியது. 1973-இல் ஹோகன் ஆண்டர்சன் அந்த ஒற்றை ஷாக் வண்டியில் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். த கார்போனின் தடுப்பு இல்லாமல் அந்த ஷாக் படுத்திருக்க முடியாது. இன்று மலைச் சைக்கிள்களில் ஷாக் நிற்கிறது, படுக்கிறது, சாய்கிறது, சீட்டுக் குழாயைத் துளைத்துக்கொண்டு போகிறது. எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்.

புவியீர்ப்பு அடியோடு இல்லாமல் போகவில்லைதான். உள்ளே பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அதன் எடை அடியில் தரும் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐயில் எட்டில் ஒரு பங்கு. எதிரே நைட்ரஜன் நூற்றுக்கணக்கான பிஎஸ்ஐயில் தள்ளிக்கொண்டிருக்கிறது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒருவர் கிசுகிசுப்பது போல.

சரி, உள்ளிருக்கும் எண்ணெய்க்கு மேல் கீழ் தெரியாது. எந்த முனை நிற்கிறது, எந்த முனை ஆடுகிறது என்பதாவது தெரியுமா? அதுவும் தெரியாது. இதை எனக்கு விளங்கவைத்தது பொறியியல் புத்தகம் இல்லை, கிரைண்டர். பாட்டி ஆட்டுக்கல்லில் மாவாட்டும்போது உரல் நிற்கும், குழவி சுற்றும். கோயம்புத்தூர்க்காரர்கள் அதற்கு மோட்டார் வைத்தபோது குழவியைச் சங்கிலி போட்டு நிறுத்திவிட்டு உரலைச் சுற்றவிட்டார்கள். அரிசிக்கும் உளுந்துக்கும் இதில் ஒரு வித்தியாசமும் இல்லை. கல்லும் கல்லும் உரசுகின்றனவா, அவ்வளவுதான். ஷாக்குக்குள் ஓடும் பிஸ்டனும் அப்படித்தான். டப்பா தண்டை நோக்கி வருகிறதா, தண்டு டப்பாவை நோக்கிப் போகிறதா என்பது வெளியே நின்று பார்க்கிறவன் விவகாரம். (கிரைண்டரில் வித்தியாசம் தெரிவது வழித்தெடுக்கும் கைக்கு. இதை அப்போது யோசிக்காமல் விட்டேன்.)

தைரியம் வந்தது. கழற்றித் திருப்பினேன். நிற்கும் வண்டியில் எண்ணெய்ச் சிலிண்டருக்கும் சட்டத்தின் கீழ்க்குழாய்க்கும் நடுவில் பத்து மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன், போனது. போதும் என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது வாரம் எக்ஸ்பிரஸோ என்கிற இறக்கத்தில், மழை நின்று வேர்களெல்லாம் மெழுகினதுபோல் இருந்த மதியம், ஒரு பள்ளத்துக்குள் இறங்கி எதிர்க்கரையில் ஏறும் இடத்தில் வண்டி முழுக்க அமுங்கியது. 'டங்' என்று ஒரு சத்தம். கல் தெறித்துச் சட்டத்தில் பட்டால் வருகிற 'டிக்' இல்லை. பித்தளைப் பாத்திரத்தைத் தரையில் வைத்ததுபோல முழுசான சத்தம். நிறுத்திக் குனிந்தேன். கீழ்க்குழாயில் பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம். அதன் நடுவில் பெயிண்ட் போய் வெள்ளையாக உலோகம். எதிரே எண்ணெய்ச் சிலிண்டரின் விளிம்பில் அதே நீலப் பெயிண்ட் ஈஷியிருந்தது. இரண்டு பேரும் சந்தித்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. சட்டம் அலுமினியம் என்பதால் பள்ளத்தோடு போயிற்று. கார்பனாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தொனி வேறாக இருந்திருக்கும்.

மறுநாள் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்கிற பையன் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஸ்கார்பரோவில் பிறந்தவன். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவான், அதுவும் அவன் அம்மாவின் தமிழில். பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவினான். சிலிண்டரைப் பார்த்தான்.

"நிக்கேக்க பாத்திருக்கிறியள் அண்ணை. அமுங்கேக்க பாக்கேல்லை."

இதைவிடச் சுருக்கமாக என் தவறை யாரும் சொன்னதில்லை. ஷாக் அமுங்கும்போது குட்டையாவது மட்டும் இல்லை, சாயவும் செய்கிறது. மேல் முனை லிங்கோடு வட்டப்பாதையில் இறங்குகிறது. கீழ் முனையோ போல்ட்டைச் சுற்றித் திரும்புகிறது. என் வண்டியில் முழு அமுக்கத்துக்குள் ஏறக்குறைய எட்டுப் பாகை. எட்டுப் பாகை சின்னதாகத்தான் தெரியும். ஆனால் போல்ட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டரின் நுனிக்கு அது பதினான்கு மில்லிமீட்டர் பயணம். நான் விட்டிருந்த இடம் பத்து. கம்பெனிக்காரன் கனத்தை மேலே வைத்ததற்குக் காரணம் கண்ணெதிரே இருந்தது: முக்கோணம் மேலே அகலம், கீழே ஒடுக்கம். கூட்டுக்குடும்பத்தில் பெரிய கட்டிலை எந்த அறையில் போடுவது என்பது கட்டிலின் குணத்தைப் பொறுத்ததா என்ன.

தம்பி அதைச் சரிபார்த்த விதத்தை எழுதியாக வேண்டும். முதலில் காற்றை இறக்கினான். வால்வின் நடு ஊசியை விரலால் ஒரேயடியாக அழுத்தப்போன என் கையைத் தட்டிவிட்டு, "மெல்ல அண்ணை, மெல்ல, கொஞ்சம் கொஞ்சமா விடுங்கோ" என்றான். காற்று டப்பாவுக்குள் எதிர்ப்பக்கத்திலும் ஒரு காற்றறை இருக்கிறது. அவசரமாக இறக்கினால் அதில் காற்று மாட்டிக்கொண்டு ஷாக்கை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சீறலோடு எண்ணெய்த் துளி கலந்த வெள்ளைப் புகை வந்து அவன் கையுறையில் படிந்தது. பிறகு பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் சுண்டைக்காய் அளவு உருட்டிச் சிலிண்டரின் நுனியில் ஒட்டினான். சீட்டைப் பிடித்து என்னை அமுக்கச் சொன்னான். காற்றில்லாத வண்டி கடைசிவரை மடங்கி உட்கார்ந்தது. எழுப்பிப் பார்த்தால் களிமண் அப்பளமாகத் தட்டையாகி, நடுவில் கிழிந்து, உலோகம் தெரிந்தது. மிச்சம் இடைவெளி பூஜ்யம். ஷாக்கைப் பழையபடி கனம் மேலே வருமாறு திருப்பி மாட்டி, புது உருண்டை வைத்து மறுபடி அமுக்கினோம். இந்த முறை உருண்டை உருண்டையாகவே இருந்தது, யாரும் தொடவில்லை. எஞ்சின் கட்டுகிறவர்கள் பிஸ்டனின் தலைக்கும் வால்வுக்கும் இடையே எவ்வளவு இடம் என்று பார்ப்பதும் இதே களிமண்ணை வைத்துத்தான். மூடினால் கண் போகாத இடத்துக்குள் களிமண்தான் போய் வந்து சொல்லும்.

அன்றிரவு, செய்திருக்க வேண்டிய கணக்கை உட்கார்ந்து போட்டேன். ஷாக் சுமார் 500 கிராம். பருத்த பாதியில் 350, மெலிந்த பாதியில் 150 என்று வைப்போம். திருப்பி மாட்டியதால் ஆடும் முனையிலிருந்து நான் எடுத்தது 200 கிராம். ஆனால் அந்த முனை சக்கரத்தின் வேகத்தில் ஆடுவதில்லை. 150-ஐ 55-ஆல் வகுத்தால் 2.73, சக்கரம் 2.73 மில்லிமீட்டர் எழும்பினால் ஷாக்கின் முனை ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். எடையின் பாதிப்பு இந்த எண்ணின் வர்க்கத்தால் குறையும்: 7.4. ஆக, சக்கரத்தில் உணரக்கூடிய சேமிப்பு 27 கிராம். அரை இட்லிக்குக் கொஞ்சம் மேலே. பின் டயர் மட்டும் ஒரு கிலோவைத் தாண்டும். ஃப்ரோமில் ஒரு மழைநாள் சவாரி முடித்தால் அதில் ஒட்டியிருக்கும் சேற்றைக் குழாயடியில் கழுவும்போது பாதிச் செடித்தொட்டி நிறையும். நான் உணர்ந்த நிதானம் அரை இட்லியால் வந்ததில்லை.

உண்மையில் அந்த மூன்று வாரத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதை நான் கவனித்தும் பொருட்படுத்தவில்லை. தண்டு டப்பாவுக்குள் நுழையும் வாயில் ஒரு ரப்பர் உதடு உண்டு. தண்டில் ஒட்டிய தூசியை வழித்துத் தள்ளுவது அதன் வேலை. கம்பெனி மாட்டியபடி இருந்தால் அந்த வாய் கீழ்நோக்கிப் பார்க்கும், தண்ணீர் சொட்டிவிடும். நான் மாட்டியபடி அது வானத்தைப் பார்த்து ஒரு சின்னக் கிண்ணமாக நின்றது. ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் அதன் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு வட்டமாகப் படிந்திருக்கும், திருநீற்றைத் தண்ணீரில் குழைத்ததுபோல. விரலால் தேய்த்தால் நறநறக்கும். நன்றாகத் துடைத்துவிட்டு மறுநாளும் ஏறினேன். கருங்கல் பொடியும் தண்ணீரும் சேர்ந்தால் அதற்குப் பெயர் பாலிஷ் பேஸ்ட் என்பது தெரிந்தவன்தான் நான். டப்பாவுக்குள் சீலை வழவழப்பாக வைக்கச் சில சொட்டு எண்ணெய் விட்டிருப்பார்கள். வாய் கீழே பார்த்தால் அது சீலின்மேல் வந்து தங்கும். மேலே பார்த்தால் எதிர்மூலைக்கு ஓடிவிடும். குலுங்கிக் குலுங்கி ஓடும் வண்டியில் அது எங்கும் தெறிக்கும் என்பதால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குழம்பு அப்படியில்லை.

தண்ணீர் பாட்டிலும் போயிற்று. கனமான முனை கீழே வந்ததும் பாட்டில் தாங்கிக்கு இடமில்லாமல், மூன்று வாரம் முதுகுப் பையில் தண்ணீர் சுமந்தேன். அரைக் கிலோ முதுகில் ஏற்றித்தான் 27 கிராம் குறைத்திருக்கிறேன். இதையும் அந்தக் கேட்டருகே பெரியவரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

எல்லாச் சட்டத்திலும் பதில் ஒன்றாக இருக்காது. சில வண்டிகளில் ஷாக் மேல்குழாய்க்கடியில் படுத்திருக்கும். அங்கே மேல் கீழ் கிடையாது, முன் பின்தான். கனம் முன்னே இருந்தால் நெம்பு கைக்கு எட்டும், சேறும் அதுவரை வராது. சிலவற்றில் லிங்குக்கும் ஷாக்குக்கும் நடுவில் நீண்ட கவை ஒன்று நிற்கும். பக்கவாட்டு விசை வந்தால் அந்தக் கவை நெம்புகோலாகி ஷாக்கை வளைக்கப் பார்க்கும்; மெல்லிய தண்டுள்ள காயில் ஸ்பிரிங் ஷாக்குகள் அப்படி முறிந்திருக்கின்றன. அங்கே எந்த முனையைக் கவையில் பிடிப்பது என்பது நிஜமான கேள்வி. ட்ரெக் கம்பெனி சில காலம் ஷாக்கின் இரு முனையையுமே ஆடவிட்டது. கீழ் முனை சட்டத்தில் இல்லாமல் பின் கவையின் நீட்சியில் இருக்கும். அசையாத முனை என்று ஒன்று இருந்தால்தானே என் நியாயத்தைப் பேச முடியும். 2016-இல் ஷாக் அளவுகள் மெட்ரிக்குக்கு மாறியபோது இன்னொரு வகையும் பரவியது: பருத்த முனையில் துளையே கிடையாது, டப்பாவின் இரு பக்கத்திலும் போல்ட் ஏறும். ட்ரனியன் என்று பெயர். பீரங்கியை வண்டியில் தாங்கிநிற்கும் இரண்டு பக்கக் குமிழ்களுக்கு வழங்கிய சொல். அதைத் திருப்பி மாட்ட யாராலும் முடியாது. கேள்வியையே பிடுங்கி எறிந்துவிட்டார்கள். அந்த வகைச் சட்டம் வாங்கியிருந்தால் எனக்கு ஒரு பள்ளம் மிச்சமாகியிருக்கும். ஒரு மாத யோசனையும் போயிருக்கும் என்பதால் வருத்தமில்லை.

ஷாக்கைப் பழையபடி மாட்டி முடித்து, காற்றடிக்கும் சிறு பம்பைக் கையில் எடுத்தபோது தம்பி கேட்டான்: "உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. ஏன் கழட்டினனீங்கள்?"

துள்ளும் எடை, லிங்க், வர்க்கம் என்று ஆரம்பித்தேன். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். சரி, சொல்லிவிடுவோம் என்று வால்வைக் காட்டினேன். காற்று டப்பாவின் வால்வு பின்பக்கமாக லிங்கின் இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒளிந்துகொண்டிருந்தது. பம்பின் தலையை அதில் திருகப் போனால் ஒவ்வொரு தடவையும் விரல் முட்டி லிங்கில் உரசித் தோல் போகும். டப்பா கீழே வந்தால் வால்வும் கீழே வரும், சுற்றி இடம் இருக்கும், கை நுழையும். எடைக் கதையெல்லாம் கழற்றத் தொடங்கிய பிறகு, ஒரு ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தபோது சேர்ந்தது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவில் இன்னும் காற்று ஏற்றவில்லை. பழைய ட்யூபில் வெட்டிய ரப்பர்த் துண்டு ஒன்றை அதன்மேல் சுற்றி, இரண்டு கையாலும் ஊறுகாய் ஜாடி மூடியைப் பிடிப்பதுபோலப் பிடித்து ஒரு திருகு திருகினான். டப்பா மட்டும் அப்படியே சுழன்றது. சிலிண்டர் இருந்த இடத்தில் இருந்தது, போல்ட் இருந்த இடத்தில் இருந்தது. வால்வு லிங்கைவிட்டு விலகி, முன்பக்கம் இடது கைக்கு நேரே வந்து நின்றது.

"எல்லா மொடலிலும் சுத்தாது" என்று எனக்காக ஒரு சமாதானம் சொன்னான். "உங்கடை சுத்தும்."

பம்பை மாட்டினேன். விரல் எங்கும் இடிக்கவில்லை. 180 பிஎஸ்ஐ வரை அடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன்: டப்பாவோடு சேர்ந்து கம்பெனிப் பெயரும் சுற்றிப்போய், சீட்டுக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்று இப்போது யார் குனிந்தாலும் தெரியாது.